காரைக்காலில் சிறு சரக்கு வண்டி விபத்தும் இழப்பீடும்: ஒரு வரலாறு

காரைக்கால், புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த கடலோர மாவட்டம். மூன்று பக்கம் தமிழ்நாடும் கிழக்கே வங்காள விரிகுடாவும் சூழ்ந்த இப்பகுதியின் பரப்பளவு ஏறத்தாழ 160 சதுர கிலோமீட்டர். மீன், காய்கறி, நெல், செங்கல், வீட்டுச் சாமான் என இங்கு அன்றாடம் இடம்பெயரும் சரக்கின் பெரும்பகுதி 'குட்டி யானை', 'பிக்கப்', 'டெம்போ' என்று மக்கள் அழைக்கும் சிறு சரக்கு வண்டிகளில்தான் செல்கிறது. அத்தகைய வண்டி மோதிச் சேதமடைந்தால் இழப்பை யார் ஏற்பது, வண்டியை எப்படிச் சரிசெய்வது, வழக்கை எந்த ஊரில் தொடுப்பது என்ற கேள்விகளுக்கான விடைகள் காலந்தோறும் மாறியுள்ளன. பிரெஞ்சுச் சட்டம், இந்தியச் சட்டம், மாநில எல்லை ஆகிய மூன்றும் அந்த மாற்றத்தில் பங்கு வகிக்கின்றன.

பிரெஞ்சு ஆட்சியில் பொறுப்பு

பிரெஞ்சுக்காரர்கள் 1739இல் தஞ்சை மராட்டிய அரசிடமிருந்து காரைக்காலைப் பெற்றனர். 1819 முதல் பிரெஞ்சுச் சட்டத் தொகுப்புகள் பிரெஞ்சிந்தியாவில் நடைமுறைக்கு வந்தன. 1804ஆம் ஆண்டின் குடிமைச் சட்டத் தொகுப்பில் 1382ஆம் பிரிவு எளிமையானது: தன் தவற்றால் பிறருக்கு இழப்பு உண்டாக்கியவர் அதை ஈடுசெய்ய வேண்டும். தவற்றை மெய்ப்பிக்கும் சுமை இழப்புக்குள்ளானவரைச் சேர்ந்தது. மாட்டு வண்டிக் காலத்துக்கு இந்த விதி போதுமானதாக இருந்தது.

மோட்டார் வண்டிகள் வந்தபின் அது போதவில்லை. பிரான்சின் பெல்போர் நகரில் 1925இல் ஒரு வணிக நிறுவனத்தின் சரக்கு லாரி மோதி லீஸ் ழாந்தேர் என்ற சிறுமி படுகாயமுற்றார். இவ்வழக்கில் பிரான்சின் உயர் முறையீட்டு நீதிமன்றம் 1930 பிப்ரவரி 13 அன்று ஒரு முக்கியத் தீர்ப்பை வழங்கியது. ஒரு பொருளைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர், அது உண்டாக்கும் இழப்புக்கும் பொறுப்பாளி என்று 1384ஆம் பிரிவுக்குப் பொருள் கூறியது. ஓட்டுநரின் தவற்றைத் தனியே மெய்ப்பிக்க வேண்டிய கட்டாயம் இதனால் நீங்கியது. மோட்டார் விபத்துச் சட்டத்தின் திருப்புமுனையாக அமைந்தது ஒரு சரக்கு வண்டியின் வழக்கு என்பது குறிப்பிடத்தக்கது.

பொறுப்பு உறுதியானாலும் பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்வி எஞ்சியது. அதற்குக் கட்டாயக் காப்பீடு விடையாக வந்தது. பிரித்தானியா 1930இலேயே அதைச் சட்டமாக்கியது. அதைப் பின்பற்றிய இந்திய மோட்டார் வாகனச் சட்டம் 1939இல் இயற்றப்பட்டது. அதன் கட்டாயக் காப்பீட்டுப் பகுதி 1946 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பிரான்சிலோ எல்லா மோட்டார் வண்டிகளுக்குமான கட்டாயக் காப்பீட்டுச் சட்டம் 1958இல்தான் வந்தது. ஆகவே 1946க்குப் பிந்திய சில ஆண்டுகளில் எல்லைக்கு அப்பால் தஞ்சை மாவட்டச் சாலையில் ஒரு சட்டமும், இப்பால் காரைக்கால் சாலையில் வேறொரு சட்டமும் நிலவின.

இந்தியச் சட்டத்தின் வருகை

1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் நடந்த வாக்கெடுப்பைத் தொடர்ந்து, நவம்பர் 1 அன்று காரைக்காலின் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16 அன்று நிறைவேறியது. அதன்பின் இந்தியச் சட்டங்கள் படிப்படியாக இங்கு நீட்டிக்கப்பட்டன.

1939ஆம் ஆண்டுச் சட்டத்தின் நோக்கம் சாலையில் அடிபடும் மனிதரைக் காப்பது. தொடக்கத்தில் கட்டாயக் காப்பீடு உயிரிழப்பையும் உடற்காயத்தையும் மட்டுமே தழுவியது. உடைந்த வண்டி அதில் சேரவில்லை. இழப்பீட்டு வழக்குகளுக்கெனத் தனித் தீர்ப்பாயங்கள் அமைக்க 1956ஆம் ஆண்டுத் திருத்தம் வழிசெய்தது. மூன்றாம் தரப்பினரின் உடைமைக்கு நேரும் சேதத்தை 1969ஆம் ஆண்டுத் திருத்தம்தான் கட்டாயக் காப்பீட்டுக்குள் கொண்டுவந்தது. அதற்கும் உச்சவரம்பு இருந்தது: முதலில் 2,000 ரூபாய், 1982இல் 6,000 ரூபாய். 1989 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த 1988ஆம் ஆண்டுச் சட்டமும் அதே 6,000 ரூபாயைத் தொடர்ந்தது. காப்பீட்டுக் கட்டண விதிகளின்படி சரக்கு வண்டிகளின் பாலிசிகளில் இத்தொகை பின்னர் 7.5 லட்சம் ரூபாயாக விரிந்தது.

இந்த வளர்ச்சியில் ஓர் இடைவெளி நீடித்தது. சட்டம் கட்டாயமாக்கிய காப்பீடு எப்போதும் 'மற்றவருக்கு' உரியது. சொந்த வண்டியின் சேதத்துக்கான காப்பீடு விரும்பினால் எடுக்கும் தனி ஒப்பந்தமாகவே இருந்து வருகிறது. மூன்றாம் தரப்புக் காப்பீடு மட்டும் எடுத்த வண்டிக்காரர் தாமே மின்கம்பத்தில் மோதினால், கம்பத்துக்கு இழப்பீடு உண்டு, வண்டிக்கு இல்லை.

குட்டி யானையின் வருகை

காரைக்கால்–பேரளம் ரயில் பாதை 1980களில் மூடப்பட்டது. நாகூர் வழியான பாதை 2011இல்தான் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் சரக்குப் போக்குவரத்து சாலையையே நம்பியிருந்தது. மூன்று சக்கர டெம்போவும் லாரியும் ஓடிய சாலைகளில் 2005 மே மாதம் அறிமுகமான டாட்டா ஏஸ் புதிய பிரிவைத் தொடங்கியது. இரண்டு சிலிண்டர் டீசல் இயந்திரமும் ஏறத்தாழ முக்கால் டன் ஏற்றுதிறனும் கொண்ட இவ்வண்டியைத் தமிழ் மக்கள் 'குட்டி யானை' என்றனர். மகிந்திரா பொலேரோ பிக்கப், 2011இல் வந்த அசோக் லேலண்ட் தோஸ்த் ஆகியனவும் பரவின.

காரைக்காலுக்கு இவ்வண்டிகள் பொருந்தியதற்குச் சட்டக் காரணமும் உண்டு. மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 66ஆம் பிரிவு பெர்மிட் கட்டாயத்திலிருந்து விலக்கு அளிக்கிறது. அரை மணி நேரப் பயணத்தில் எல்லையைக் கடக்க வேண்டிய ஊரில் இது பெரிய வசதி. லாரி முதலாளி, லாரி ஓட்டுநர் என்று பிரிந்திருந்த தொழிலில், கடன் வாங்கி வண்டி எடுத்துத் தாமே ஓட்டும் உரிமையாளர் பெருகினர். வண்டி பட்டறையில் நிற்கும் ஒவ்வொரு நாளும் அவருக்கு வருமானம் இல்லை. மாதத் தவணை மட்டும் நிற்பதில்லை.

எல்லை தாண்டிய மோதல்

காரைக்கால் வழியாகச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 32 (முன்னர் 45ஏ) வடக்கே மயிலாடுதுறை மாவட்டத்தையும் தெற்கே நாகப்பட்டினம் மாவட்டத்தையும் இணைக்கிறது. பிஒய் 02 என்ற எண்ணுடன் காரைக்காலில் பதிவான வண்டி திருக்கடையூரிலோ நாகூரிலோ மோதினால், வழக்கு தமிழ்நாட்டுக் காவல் நிலையத்தில் பதிவாகும். 136ஆம் பிரிவின்படி நடக்கும் வண்டி ஆய்வும் அங்கேதான்.

இழப்பீட்டு வழக்கிலும் இதே சிக்கல் இருந்தது. விபத்து நடந்த பகுதியின் தீர்ப்பாயத்திலேயே மனு செய்ய வேண்டும் என்பது பழைய விதி. 1994ஆம் ஆண்டுத் திருத்தம் இதை மாற்றியது. மனுதாரர் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்திலும், எதிர்த்தரப்பு வசிக்கும் இடத்திலும் வழக்குத் தொடுக்கலாம் என்றானது. தீவுபோல் அமைந்த காரைக்காலுக்கு இத்திருத்தத்தின் பயன் அதிகம். தம் வண்டியைச் சேதப்படுத்திய மற்ற வண்டியின் உரிமையாளரிடமும் காப்பீட்டு நிறுவனத்திடமும் இழப்பீடு கேட்டு, இப்போது உள்ளூரிலேயே மனு செய்ய முடியும். அதே 1994 திருத்தம் நீக்கிய ஆறு மாதக் காலவரம்பை 2019ஆம் ஆண்டுத் திருத்தம் மீண்டும் கொண்டுவந்து, 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைப்படுத்தியது. இவ்வரம்பை எதிர்க்கும் மனுக்கள் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றுள்ளன.

கைப்பற்றப்பட்ட வண்டியை நிலைய வளாகத்தில் நெடுநாள் வெயிலிலும் மழையிலும் நிறுத்தக் கூடாது என்றும், உரிய பிணை பெற்று விடுவிக்க வேண்டும் என்றும் 2002இல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. கடற்காற்று வீசும் பகுதியில் ஒரு மாதம் நிற்கும் உடைந்த கேபின், விபத்தில் பட்டதைவிட அதிகச் சேதத்தைத் துருவால் பெறக்கூடும்.

பட்டறையும் சர்வேயரும்

மோதிய வண்டி முதலில் டிங்கர் பட்டறைக்கு வருகிறது. நசுங்கிய தகட்டை இழுத்து நிமிர்த்துவது, தட்டிச் சீராக்குவது, வெல்டிங் வைப்பது, பட்டி பார்த்துத் தேய்ப்பது, பெயிண்ட் அடிப்பது எனப் பணி செல்லும். குட்டி யானை போன்ற வண்டிகளில் முன்தகட்டுக்கும் ஓட்டுநரின் முழங்காலுக்கும் இடையே அதிக இடம் இல்லை. எனவே சிறு மோதலிலும் ஸ்டீயரிங் அமைப்பும் பெடல்களும் பாதிக்கப்படலாம். சேசிஸ் வளைந்திருந்தால் வெளித்தோற்றம் சரியான பிறகும் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். டயர் சீரற்றுத் தேயும். மீன் ஏற்றும் வண்டிகளில் பனிக்கட்டியும் உப்புநீரும் வடிந்து தரைத்தகடு அரித்திருக்கும். அங்கே பழைய துருவையும் புதிய உடைப்பையும் பிரித்துக் காட்டுவது கடினம். துருவும் தேய்மானமும் காப்பீட்டில் சேராதவை.

சொந்தச் சேதக் காப்பீடு இருந்தால், வண்டியைப் பிரிப்பதற்கு முன் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் தர வேண்டும். குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட கோரிக்கையை உரிமம் பெற்ற சர்வேயர் மதிப்பிட வேண்டும் என்பது 1938ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் விதி. பிரித்தபின் புதிய சேதம் தெரிந்தால் அதையும் அவர் பார்த்த பிறகே மாற்றுவது முறை.

பில் தொகைக்கும் கைக்கு வரும் தொகைக்கும் உள்ள வேறுபாடு பலருக்குப் பட்டறையில்தான் தெரிய வருகிறது. பொதுப் பாலிசியில் ரப்பர், பிளாஸ்டிக், டயர், பேட்டரி ஆகியவற்றுக்குப் பாதி விலை தேய்மானமாகக் கழியும். கண்ணாடிக்குக் கழிவு இல்லை. உலோகப் பாகங்களுக்கு வண்டியின் வயதுக்கேற்பக் கழிவு உயர்ந்து, 5 முதல் 10 ஆண்டு வண்டிக்கு 40 விழுக்காடும் அதற்கு மேல் 50 விழுக்காடும் ஆகும். எடுத்துக்காட்டாக, ஆறு ஆண்டு ஓடிய வண்டிக்கு 10,000 ரூபாய்க்குப் புதிய கதவு வாங்கினால் 6,000 ரூபாயே கணக்கில் சேரும். சரக்கு வண்டிகளுக்கு இன்னொரு விலக்கும் உண்டு. விளக்கு, டயர், மட்கார்டு, பானெட், பம்பர், பக்கத் தகடு, பெயிண்ட் ஆகியவற்றின் சேதம், முழு இழப்பைத் தவிர, கூடுதல் கட்டணம் செலுத்தியிருந்தால் மட்டுமே ஏற்கப்படும். மோதலில் முதலில் உடைபவை இவையே.

செலவு, காப்பீட்டு மதிப்பில் 75 விழுக்காட்டைத் தாண்டினால் வண்டி முழு இழப்பாகக் கருதப்படும். அப்போது அது காயலான் கடைக்குச் செல்லும். தொகை முதலில் கடன் கொடுத்த நிறுவனத்துக்குச் செல்லும்.

வண்டிக்காரரின் நிலையை மாற்றிய தீர்ப்புகள்

இலகு ரக ஓட்டுநர் உரிமம் மட்டும் வைத்திருப்பவர் சரக்கு வண்டி ஓட்டியதைக் காட்டி நிறுவனங்கள் கோரிக்கைகளை மறுத்து வந்தன. மொத்த எடை 7,500 கிலோ வரையுள்ள சரக்கு வண்டியை அந்த உரிமத்தால் ஓட்டலாம் என்று முகுந்த் தேவாங்கன் வழக்கில் 2017இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பர் 6 அன்று ரம்பா தேவி வழக்கில் அதை உறுதிசெய்தது. சிறு சரக்கு வண்டிகள் அனைத்தும் இந்த எடைக்குள் அடங்குபவை.

பழைய வண்டி வாங்குவோருக்கு 1995இன் கம்ப்ளீட் இன்சுலேஷன்ஸ் தீர்ப்பு எச்சரிக்கை. வண்டி கைமாறும்போது மூன்றாம் தரப்புக் காப்பீடு மட்டுமே தானாக மாறும். சொந்தச் சேதக் காப்பீட்டைப் புதிய உரிமையாளர் நிறுவனத்திடம் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்கச் சட்டம் தரும் அவகாசம் 14 நாள்.

சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது மற்றோர் ஆபத்து. சரக்கின் உரிமையாளரோ அவருடைய பிரதிநிதியோ உடன் செல்லலாம். மற்றப் பயணிகளுக்கான இழப்பீடு காப்பீட்டு நிறுவனத்தின் பொறுப்பல்ல என்று 2002 டிசம்பரில் ஆஷா ராணி வழக்கில் தீர்ப்பானது. மீன் கூடையுடன் வரும் வியாபாரிக்குக் காப்பு உண்டு. பின்பக்கத்தில் நின்று கோயிலுக்குச் செல்பவருக்கு இல்லை. அவருக்கான தொகை வண்டிக்காரரின் தலையில் விழலாம்.

முறையீட்டு வழிகள்

கோரிக்கை மறுக்கப்பட்டாலோ குறைக்கப்பட்டாலோ நுகர்வோர் ஆணையத்தையும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரையும் அணுகலாம். இங்கும் ஒன்றியப் பகுதியின் சிதறிய அமைப்பு தெரிகிறது. காரைக்காலும் புதுச்சேரி நகரும் சென்னைக் குறைதீர்ப்பாளரின் எல்லைக்குள் வருகின்றன. மாகே கொச்சியையும் ஏனாம் ஐதராபாத்தையும் சேர்ந்தவை.

ழாந்தேர் தீர்ப்பு முதல் இன்றைய சட்டம் வரை, சாலையில் அடிபடுபவருக்கான பாதுகாப்பு தொடர்ந்து விரிந்துள்ளது. தம் வண்டியை மட்டுமே பிழைப்பாகக் கொண்டவருக்கு அத்தகைய கட்டாயப் பாதுகாப்பு இன்னும் உருவாகவில்லை. பாலிசியில் எந்தப் பாகம் சேர்ந்துள்ளது, யார் பெயரில் உள்ளது என்பவையே மோதலுக்குப் பின் அவர் வண்டி மீண்டும் ஓடுமா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்கின்றன.