முக்கலும் முனகலும்: தொட்டில் அறை மாறிய கதை

1938இல் அமெரிக்கக் கடைகளில் ஒரு விநோதப் பொருள் விற்பனைக்கு வந்தது. கரும்பழுப்பு பேக்லைட்டில் வார்த்த தலை. கண், மூக்கு, வாய் எதுவும் கிடையாது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒலி வெளிவரும் சட்டம். விலை 19 டாலர் 95 சென்ட். பெயர் 'ரேடியோ நர்ஸ்'. இதற்கு ஜோடியாக 'கார்டியன் இயர்' என்றொரு சின்னப் பெட்டி உண்டு. அதைக் குழந்தையின் தொட்டிலருகே வைத்துவிட்டு, தலையைப் பெற்றோர் தங்கள் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். மாடியில் பிள்ளை முனகினால் கீழே கேட்கும். தனியாகக் கம்பி இழுக்க வேண்டியதில்லை. வீட்டு மின்கம்பி வழியாகவே ஒலி வரும். தயாரித்தது சிகாகோவின் ஜெனித் ரேடியோ நிறுவனம். வடிவம் கொடுத்தவர், ஜப்பானியத் தந்தைக்கும் அமெரிக்கத் தாய்க்கும் பிறந்த சிற்பி இசாமு நொகுச்சி.

இதற்குப் பின்னால் ஒரு பயம் இருந்தது. 1932 மார்ச் 1 இரவு, நியூ ஜெர்சியில் விமானி சார்ல்ஸ் லிண்ட்பெர்க் வீட்டு மாடி அறையிலிருந்து அவருடைய 20 மாதக் குழந்தையை யாரோ ஏணி வைத்து ஏறிக் கடத்திப்போனார்கள். ஒன்பது மணிக்கு மேல் மரப்பலகை முறிவது போல ஒரு சத்தம் கேட்டதாக லிண்ட்பெர்க் பின்னர் சொன்னார். சமையலறைப் பக்கம் பழப்பெட்டி விழுந்திருக்கும் என்று அப்போது விட்டுவிட்டார். பத்து மணிக்குத் தாதி போய்ப் பார்த்தபோது தொட்டில் காலி. இரண்டு மாதம் கழித்துக் குழந்தையின் உடல்தான் கிடைத்தது. வசதி படைத்த அமெரிக்க வீடுகளில் தூக்கம் போயிற்று. ஜெனித்தின் தலைவர் யூஜின் மெக்டொனால்டுக்கும் சின்ன மகள் இருந்தாள். அவளுக்காக யோசித்ததில் பிறந்ததே இந்தக் கருவி. வியாபாரத்தில் அது பெரிதாக ஓடவில்லை, அருங்காட்சியகங்களில் அமர்ந்துகொண்டது.

பிள்ளை மூச்சு விடும் சத்தத்தைக் காசு கொடுத்துக் கேட்கும் நிலை எப்படி வந்தது? அந்தச் சத்தத்தை வீட்டைவிட்டே விரட்ட ஒரு நூற்றாண்டு முழுக்கப் பாடுபட்டவர்களில் அதே நாட்டினரும் உண்டு.

பிறந்த குழந்தை அமைதியாகத் தூங்கும் என்பது பெற்றுப் பார்க்காதவர்களின் நம்பிக்கை. அது முக்கும், முனகும், நெளியும், முறுக்கும், கர்கர் என்று இழுக்கும், திடீரென்று வீறிட்டுவிட்டுக் கண் திறக்காமலேயே மீண்டும் அடங்கும். ஐரோப்பாவிலும் ஏழை வீடுகளில் பல நூறு ஆண்டுகள் பிள்ளை தாயோடுதான் படுத்தது. திருச்சபையின் கவலை சத்தத்தைப் பற்றியதல்ல. உறக்கத்தில் தாய் புரண்டு பிள்ளை நசுங்கிவிடுமே என்பதுதான். சாலமோன் அரசனிடம் வழக்குக்கு வந்த இரு பெண்களில் ஒருத்தியின் பிள்ளை அப்படித்தான் செத்தது என்று விவிலியம் சொல்கிறது. இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் இதற்காகவே 'ஆர்குசியோ' என்ற மரக்கூண்டு இருந்தது. மூன்றடிக்குச் சற்று அதிக நீளம், மேலே வளைவு, தாதி ஒருக்களித்துப் பால் கொடுக்கப் பக்கத்தில் ஒரு வெட்டு. தாதிகள் அதைப் பயன்படுத்தாவிட்டால் சபையிலிருந்து விலக்கிவைக்கப்படுவார்கள் என்று 1730களில் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழுக்கு ஒருவர் எழுதினார். பிள்ளை தாயின் படுக்கையிலேயே இருக்கும், ஆனால் நசுங்காது. இந்த வரலாற்றில் வந்த யோசனைகளில் மிகப் புத்திசாலித்தனமானது இதுதான் எனலாம்.

ஆலைகள் வந்த பிறகு கதை மாறியது. பகலெல்லாம் நூற்பாலையில் நின்ற பெண்ணுக்கு ராத்தூக்கம் ஆடம்பரமல்ல, மறுநாள் கூலி. மருந்துக்கடையில் 'காட்ஃப்ரேயின் கார்டியல்' கிடைத்தது: வெல்லப்பாகில் கரைத்த அபின். ஒரு ஸ்பூன் கொடுத்தால் பிள்ளை முக்காது, முனகாது. ஆனால் புட்டி அப்படியே நின்றால் அபின் அடியில் தங்கும். கடைசி ஸ்பூன்களில் வீரியம் ஏறிவிடும். அதில் போன உயிர்கள் பல. அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தின் பேங்கர் நகரில் 1849இல் 'மிசஸ் வின்ஸ்லோவின் சூதிங் சிரப்' வந்தது. தயாரித்தவர்களில் ஒருவரின் மாமியார் பெயர் அது. அவர் தாதியாக இருந்தவராம். ஒரு அவுன்ஸில் 65 மில்லிகிராம் மார்ஃபின். தாயும் சேயும் சிரிக்கும் வண்ணப்படங்களோடு நாட்காட்டி அச்சிட்டு வீடுவீடாகக் கொடுத்தார்கள். இங்கிலாந்து இசையமைப்பாளர் எட்வர்ட் எல்கர் இளவயதில் எழுதிய ஒரு மெட்டுக்கு இந்த சிரப்பின் பெயரையே வைத்தார் என்றால் அதன் புகழைப் பார்த்துக்கொள்ளலாம். 1906இல் அமெரிக்க உணவு-மருந்துச் சட்டம் வந்த பிறகே மார்ஃபின் இருப்பதை லேபிளில் போட வேண்டியதாயிற்று. 1911இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் அதைக் 'குழந்தைக் கொல்லிகள்' என்ற தலைப்பின் கீழ்ப் பட்டியலிட்டது.

இந்தியாவுக்கும் இது அந்நியமல்ல. பச்சிளங்குழந்தைகளுக்கு அபின் கொடுக்கும் வழக்கம் பல பகுதிகளில் இருந்ததை 1893 முதல் 1895 வரை இயங்கிய அபின் ராயல் கமிஷன் பதிவு செய்தது.

இங்கிலாந்தின் ஆலை ஊரான நாட்டிங்ஹாமிலிருந்து அபின் கலக்காத ஒன்றும் வந்தது. அங்கே மருந்துக்கடை வைத்திருந்த வில்லியம் உட்வர்ட் 1851இல் உருவாக்கிய கிரைப் வாட்டர். சதுப்புநிலக் காய்ச்சலுக்குக் கொடுத்த கலவை பிள்ளைகளைச் சாந்தப்படுத்துவதைப் பார்த்துச் செய்தது அது. சோடா உப்பு, சதகுப்பை எண்ணெய், சர்க்கரை, கூடவே கொஞ்சம் சாராயம். சாராயத்தைத் தூக்கிவிட்டு விற்கும் நிலை பிரிட்டனில் 1990களில்தான் வந்தது. சென்னையின் டி.டி.கே. நிறுவனத்தின் வழியாக உட்வர்ட்ஸ் தமிழ் வீடுகளில் குடியேறியது. நீ சிறுபிள்ளையாக இருந்தபோதும் இதைத்தான் கொடுத்தேன் என்று தலைமுறை தலைமுறையாக அம்மாக்கள் சொல்லும் அந்த விளம்பரத்தைத் தெரியாத தமிழர் குறைவு.

மருந்து கொடுத்து அடக்க முடியாமல் போனதும், பிள்ளையையே தள்ளிவைக்கும் வேலையை மருத்துவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அதற்குப் போலீஸ் பதிவேடும் துணை நின்றது. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் போலீஸ் மருத்துவராக இருந்த சார்ல்ஸ் டெம்பிள்மன், மூச்சுத்திணறி இறந்த 258 பச்சிளங்குழந்தைகளைப் பற்றி 1892இல் எழுதினார். மிக அதிகம் நடந்தது சனிக்கிழமை இரவு. கூலி வாங்கிக் குடிக்கும் இரவு அது. அவர் குடியையும் நெருக்கடியான வீட்டையும் கவனக்குறைவையும் குற்றம் சாட்டினார். 1908இல் பிரிட்டிஷ் சட்டம், குடித்துவிட்டுப் படுத்துப் பிள்ளையை நசுக்குவதைத் தண்டனைக்குரியதாக்கியது. அந்தச் சாவுகளில் பல, காரணம் தெரியாத திடீர் மரணங்களாகவே இருந்திருக்கும் என்று பிற்கால மருத்துவர்கள் கருதுகிறார்கள். பழி மட்டும் ஏழைத் தாய் மேல் விழுந்தது.

நியூயார்க்கின் குழந்தை மருத்துவர் எம்மெட் ஹோல்ட் 1894இல் தாய்மார்களுக்கும் தாதிகளுக்கும் கேள்வி-பதில் வடிவில் ஒரு புத்தகம் எழுதினார். தாயோடு படுக்கவிடாதே, ஆட்டித் தூங்கவைக்காதே, அழுவது நுரையீரலுக்குப் பயிற்சி என்பது அதன் போக்கு. நியூசிலாந்து மருத்துவர் ட்ரூபி கிங் நாலு மணிக்கு ஒருமுறை பால், ராத்திரி பால் கிடையாது என்று கடிகாரத்தைக் கையில் கொடுத்தார். 1907இல் அங்கே தொடங்கிய பிளங்கெட் சங்கத்தின் வழியாக அது நாடு முழுக்கப் பரவியது. மேல்தட்டு வீடுகளில் தாதியோடு தனி அறை என்பது ஏற்கெனவே அந்தஸ்து. இப்போது அது மருத்துவமும் ஆயிற்று. ஆனால் தாதி வைத்துக்கொள்ள வசதியில்லாத நடுத்தரக் குடும்பமும் அதைப் பின்பற்றியபோது, பிள்ளை தனியறையில் உண்மையிலேயே தனியாகக் கிடந்தது. ரேடியோ நர்ஸ் நிரப்பப் பார்த்தது அந்தத் தாதியின் காலியிடத்தை.

அந்தச் சத்தம் என்ன என்று கேட்பதற்கு 1950கள் வர வேண்டியிருந்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் நதானியேல் கிளைட்மனின் மாணவர் யூஜின் அசரின்ஸ்கி, உறங்கும் குழந்தைகளின் கண்ணிமைகளைப் பார்த்துக்கொண்டு உட்காரும் வேலைக்கு அனுப்பப்பட்டார். சலிப்பான வேலை. ஆனால் கண்கள் துடிக்கும் நேரமும் அடங்கும் நேரமும் மாறிமாறி வருவதை அவர் கண்டார். பிறகு தன் எட்டு வயது மகனைப் பழைய மூளை அலைக் கருவியில் இணைத்து இரவு முழுக்க அளந்தார். 1953இல் 'சயின்ஸ்' இதழில் வந்த கட்டுரை உறக்கவியலையே புரட்டிப்போட்டது. பிறந்த குழந்தையின் உறக்கத்தில் ஏறக்குறைய பாதி இந்தத் துடிப்பான உறக்கம்தான் என்று 1966இல் இன்னொரு குழு காட்டியது. பெரியவர்களுக்கு அது கால்பங்குதான். அந்த நேரத்தில் பிள்ளை சிரிக்கும், முகம் சுளிக்கும், சத்தம் போடும், மூச்சு சீராக இருக்காது. விழித்துவிட்டது என்று நினைத்துத் தூக்கினால்தான் உண்மையில் விழிக்கும்.

மிச்சச் சத்தம் உடம்பின் அளவால் வருவது. பச்சிளங்குழந்தை பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடும். அந்தத் துவாரமோ மிகக் குறுகல். காய்ந்த ஒரு துளி சளி போதும், அறை முழுக்கக் கேட்கும். மூச்சு நாலைந்து நொடி நின்று, பிறகு வேகமாகத் தொடர்வதும் அந்த வயதில் சகஜம்.

சகஜமான இதே இடைவெளிதான் 1970களில் பெரிய பீதியாயிற்று. நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸில் ஆல்ஃப்ரெட் ஸ்டைன்ஷ்னைடர் என்ற மருத்துவர், ஒரே குடும்பத்தில் அடுத்தடுத்து இறந்த ஐந்து குழந்தைகளைக் காட்டி, உறக்கத்தில் மூச்சு நிற்பதே திடீர் மரணத்துக்குக் காரணம், அது குடும்பவாகு என்று 1972இல் எழுதினார். வீட்டிலேயே மூச்சை அளந்து அலறும் கருவிகள் ஆயிரக்கணக்கில் போயின. தூங்கும் பிள்ளையைவிட அதிகம் சத்தம் போட்டது கருவிதான். 1995இல் வேறொரு தீர்ப்பு வந்தது. அந்த ஐந்து குழந்தைகளையும் தாயே மூச்சடைத்துக் கொன்றதாக நியூயார்க் நீதிமன்றம் முடிவு செய்தது. 2003இல் அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் கழகம், திடீர் மரணத்தைத் தடுக்க இந்தக் கருவிகளை நம்ப வேண்டாம் என்று சொன்னது.

இதற்கிடையில் உண்மையான ஆபத்து வேறு திசையில் இருந்தது. வாந்தி எடுத்தால் புரையேறுமே என்ற பயத்தில், பெஞ்சமின் ஸ்பாக்கின் புகழ்பெற்ற குழந்தை வளர்ப்புப் புத்தகம் 1950களின் பதிப்பிலிருந்து பிள்ளையைக் குப்புறப் படுக்கவைக்கச் சொன்னது. குப்புறப் படுத்த பிள்ளை ஆழ்ந்து தூங்கும், எளிதில் விழிக்காது. பெற்றோருக்கு நிம்மதி. அந்த ஆழ்ந்த தூக்கமே சில பிள்ளைகளுக்கு எமனாயிற்று. மல்லாக்கப் படுக்கவையுங்கள் என்ற பிரச்சாரம் பிரிட்டனில் 1991இலும் அமெரிக்காவில் 1994இலும் தொடங்கியது. சில ஆண்டுகளில் திடீர் மரணங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. மல்லாக்கப் படுத்த பிள்ளை அடிக்கடி சிணுங்கும், அரைகுறையாக விழிக்கும். அந்தத் தொந்தரவுதான் அதைக் காப்பாற்றுகிறது. அமெரிக்கக் கழகம் இப்போது சொல்வது: தனிப் படுக்கை, ஆனால் பெற்றோர் அறையிலேயே, குறைந்தது ஆறு மாதம். ஃபிளாரன்ஸ் தாதிகளின் கூண்டு ஏறக்குறைய அதைத்தான் செய்தது.

உத்திரத்தில் பழஞ்சேலையைத் தூளியாகக் கட்டித் தாயின் கையெட்டும் தூரத்தில் போட்ட தமிழ் வீட்டில் தனி அறைச் சிக்கல் எழவேயில்லை. பெருமையை அதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஏனென்றால் நம் வீடுகளில் அதே கர்கர் சத்தம் 'நெஞ்சில் சளி கட்டிவிட்டது' என்று அர்த்தமாகும். உடனே மூக்கில் எண்ணெய் விடுவார்கள், வாய்வைத்து ஊதுவார்கள், சாம்பிராணிப் புகை காட்டுவார்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் போய் நிமோனியாவான தென்னிந்தியக் குழந்தைகளைப் பற்றி 1973இலேயே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கட்டுரை வந்திருக்கிறது. அரை நூற்றாண்டு கழிந்தும் எண்ணெய்க் கிண்ணம் பல வீடுகளில் அலமாரியைவிட்டு இறங்கவில்லை.

பாட்டி எண்ணெயை எடுத்தால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். மூக்கடைப்புக்கு மருத்துவர் சொல்லும் உப்புநீர்ச் சொட்டு போதும். பிள்ளை பால் குடித்து, நிறம் மாறாமல், இடையிடையே முக்கினால் விட்டுவிடுங்கள். ஒவ்வொரு மூச்சிலும் முனகல் கேட்டாலோ, விலா எலும்புக்கடியில் குழி விழுந்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, நிமிடத்துக்கு 60க்கு மேல் மூச்சு ஓடினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, விடியட்டும் என்று காத்திராமல் அந்த ராத்திரியே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.