தாயைக் கவ்விய குட்டி

ஸ்ரீபெரும்புதூர் ஆதிகேசவப் பெருமாள் கோயிலில், உடையவர் சன்னிதிக்கு அருகே தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள் அந்தப் பெண். உடம்பில் கம்பெனிச் சட்டை. கழுத்தில் ஐடி கார்டு இல்லை. காலையில்தான் வாங்கி வைத்துக்கொண்டார்களாம். திறந்திருந்த பையில் டிபன் பாக்ஸுக்கு மேலே நாலைந்து ரெஸ்யூம் ஜெராக்ஸ். தங்கைக்குத் தை மாதம் கல்யாணம். "உடையவர் பாத்துப்பார் சார்" என்றாள். அடுத்த மூச்சிலேயே, "ஒரகடம் கம்பெனிகள்ல உங்களுக்கு யாரையாவது தெரியுமா?"

இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில்தான் தமிழ்நாட்டு வைணவம் வடகலை, தென்கலை என்று பிரிந்தது என்றால் பண்டிதர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஆனால் பெரிய பிழையில்லை.

திடீரென்று கதவு சாத்தப்படுவது இந்த வட்டாரத்துக்குப் புதிதும் அல்ல. 2006-இல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா ஆலை வரி வழக்கில் சிக்கியது. மைக்ரோசாஃப்ட் வாங்கிய சொத்துகளில் சேராமல் தனியே நின்றது. 2014 நவம்பர் 1-இல் உற்பத்தியை நிறுத்தியது. அந்தச் சம்பளத்தை நம்பிச் சீட்டும் தவணையும் போட்டிருந்த வீடுகள் எத்தனையோ.

இதே ஊரில் 1017-இல் பிறந்தவர் உடையவர் என்கிற ராமானுஜர். அவர் வழியில் வந்தவர்களுக்குச் சரணாகதி பொது. சரணடைகிறவன் தன் பங்குக்கு ஏதாவது செய்ய வேண்டுமா என்பதில்தான் வழக்கு. திருவரங்கத்துப் பிள்ளை லோகாசாரியர் வேண்டாம் என்றார். காப்பது பெருமாள் வேலை, விலக்காமல் இருந்தால் போதும். காஞ்சிபுரத்துத் தூப்புலில் 1268-இல் பிறந்த வேதாந்த தேசிகர், அருள் அவனுடையதுதான், ஆனாலும் நம் பக்கமிருந்து ஒரு சின்ன வியாஜமாவது, ஒரு சாக்காவது வேண்டும் என்றார். பின்னால் வந்தவர்கள் இதைத் தென்கலைக்குப் பூனைக்குட்டி, வடகலைக்குக் குரங்குக்குட்டி என்று சுருக்கினார்கள். முன்னதைத் தாய் கவ்விப் போகும். பின்னது தாயின் வயிற்றை இறுகப் பிடித்துக்கொள்ளும்.

ஏட்டில் இருந்த இந்த வேறுபாட்டை 1323 தெருவுக்குக் கொண்டுவந்தது. டெல்லிப் படை திருவரங்கத்தை நோக்கி வந்தது. அன்று நடந்ததைக் குருபரம்பரைக் கதைகள் சொல்லும்போது, எனக்கு ஒவ்வொரு முறையும் ஆட்கள் இடம் மாறிவிட்டார்களோ என்று தோன்றும்.

குட்டி சும்மா இருந்தால் போதும் என்ற பிள்ளை லோகாசாரியர் சும்மா இருக்கவில்லை. மூலவர் தெரியாதபடி கருவறைக்கு முன்னால் கல்சுவர் எழுப்ப வைத்தார். தள்ளாத வயதில், உற்சவர் நம்பெருமாளை எழுந்தருளப் பண்ணிக்கொண்டு தெற்கே காட்டு வழியில் நடந்தார். வழியில் கள்வர்கள் பெருமாளின் நகைகளைப் பறித்தபோது தன்னிடம் இருந்ததையும் சேர்த்துக் கொடுத்தாராம். மதுரைக்குப் பக்கத்தில் ஜோதிஷ்குடியில் உயிர் பிரிந்தது. இங்கே குட்டியே தாயைக் கவ்விக்கொண்டு ஓடியிருக்கிறது.

பற்றிக்கொள் என்ற தேசிகரோ அசையாமல் கிடந்தார். செத்தவர்களின் உடல்களுக்கு நடுவே, தானும் ஓர் உடலாக. அருகில் சுதர்சன சூரி என்ற ஆசாரியரின் பிள்ளைகளான இரண்டு சிறுவர்கள். மறைத்து வைத்திருந்தது அந்த ஆசாரியர் எழுதிய சுருதப்பிரகாசிகை ஏட்டுக்கட்டு, ராமானுஜரின் ஸ்ரீபாஷ்யத்துக்கான விரிவுரை. படை கடந்து போகும்வரை மூச்சை அடக்கிக் கிடப்பதைத் தவிர அந்த இரவில் தேசிகர் செய்ய எதுவும் இல்லை. பிறகு சிறுவர்களோடும் ஏட்டோடும் மேற்கே கன்னட நாட்டுப் பக்கம் போனார். அங்கே அபீதிஸ்தவம் பாடி, அரங்கத்துக்கு அச்சமின்மையைக் கேட்டார்.

இதை வைத்து ஒருவர் கொள்கையை இன்னொருவர் நிரூபித்துவிட்டார் என்று வாதாடலாம். கோயில் யானையின் நெற்றியில் போடும் நாமத்துக்குப் பாதம் உண்டா இல்லையா என்று கோர்ட் படியேறிய மரபுக்கு அது பிடித்தமான பொழுதுபோக்காகவும் இருக்கும். எனக்கு அதில் ருசி இல்லை. பிள்ளை லோகாசாரியர் 'சும்மா இரு' என்றபோது காலைப் பற்றிப் பேசவில்லை, கணக்கைப் பற்றிப் பேசினார்: நடந்தேன், ஆகவே காப்பாற்று என்று ரசீது நீட்டாதே. தேசிகர் பிடியைப் பற்றிப் பேசியபோதும் அந்தப் பிடி தாயைக் கட்டிப்போடும் கயிறு என்று நினைக்கவில்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும்: வேலை போனவனிடம் பூனைக்குட்டியாக இரு என்று சம்பளம் வருகிறவன் சொல்லக் கூடாது. அதைச் சொல்லும் தகுதி ஜோதிஷ்குடிவரை நடந்தவருக்கு இருந்தது.

நம்பெருமாள் ஊர் ஊராக அலைந்து, விஜயநகரத்துக் கோபண்ணரின் துணையோடு திருவரங்கம் திரும்பியது 1371-இல். 48 ஆண்டுகள். பிள்ளை லோகாசாரியருக்கு அது தெரியாது; திரும்புவார் என்பதற்கு யாரும் அவருக்கு உறுதி கொடுத்ததாகவும் கதை இல்லை.

ஒரகடத்தில் எனக்குத் தெரிந்த ஒருவரின் நம்பரை எழுதிக் கொடுத்தேன். அந்தப் பெண் ரெஸ்யூமில் ஒரு பிரதியை என்னிடம் தந்தாள். இன்னொன்றைப் பட்டரிடம் நீட்டினாள். அவர் அதை உடையவர் திருவடியில் வைத்து, ஒரு துளசியோடு திருப்பிக் கொடுத்தார். துளசியைத் தலையில் செருகிக்கொண்டு, காகிதம் மடங்காமல் பையில் வைத்தாள்.