எண்பது பேர் கொண்ட ராணுவம்

1784 ஜூன் 2ஆம் நாள் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியது. பணியில் எஞ்சியிருக்கும் படைவீரர்களை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். பிட் கோட்டையில் உள்ள தளவாடங்களைக் காக்க 25 பேரும் வெஸ்ட் பாயிண்டில் உள்ளவற்றைக் காக்க 55 பேரும் போதும். அவர்களுக்குக் கேப்டன் பதவிக்கு மேற்பட்ட அதிகாரி தேவையில்லை. எட்டாண்டுகள் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தோடு பொருதி வென்ற ஒரு தேசத்தின் படை, கல்யாண வீட்டில் ஒரே பந்தியில் உட்கார்ந்து எழுந்துவிடக்கூடிய அளவுக்குச் சுருங்கிப்போயிற்று.

வள்ளுவர் அரசனுக்குரிய ஆறு அங்கங்களைச் சொல்லும்போது படையை முதலில் வைக்கிறார். குடி அடுத்தது, கூழ் அதற்கும் அடுத்தது. புதிதாகப் பிறந்த அமெரிக்கக் குடியரசில் இந்த வரிசை தலைகீழாயிற்று. கூழ் எங்கே என்ற கேள்விதான் அங்கே முதலில் எழுந்தது. அதற்கு விடை கிடைக்காத இருபது ஆண்டுகளில் அந்நாடு தன் ராணுவச் செலவை எப்படிக் கணக்கிட்டது, கணக்கில் ஏறாத மீதியை யார் தலையில் கட்டியது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

காகிதத்தில் ஒரு போர்

1775 ஜூனில் காங்கிரஸ் படையை அமைத்தபோது அதனிடம் கருவூலம் இல்லை. வரி விதிக்கும் அதிகாரமும் இல்லை. வரியை எதிர்த்துக் கிளம்பிய கிளர்ச்சி, பிறந்த கையோடு வரி கேட்க முடியாதல்லவா? இருந்தது அச்சு இயந்திரம் ஒன்றுதான். ஜூன் மாதத்திலேயே 20 லட்சம் டாலருக்குக் காகிதப் பணம் அச்சிட முடிவாயிற்று. சாதாரணச் சிப்பாய்க்கு மாதம் ஆறே முக்கால் டாலருக்குச் சற்றுக் குறைவான சம்பளம் நிர்ணயிக்கப்பட்டது. தளபதி ஜார்ஜ் வாஷிங்டன் சம்பளம் வேண்டாம், செலவுத் தொகை மட்டும் போதும் என்றார். அந்தச் செலவுக்குத் தம் கையாலேயே கணக்கெழுதிப் போர் முடிந்ததும் ஒப்படைத்தார். அந்தப் போரில் மிக ஒழுங்காக எழுதப்பட்ட கணக்கு அனேகமாக அதுவாகத்தான் இருக்கும்.

1779 முடிவதற்குள் அச்சிட்ட பணம் 20 கோடி டாலர் என்ற அளவை எட்டியது. 1780 மார்ச் 18 அன்று காங்கிரஸ் தன் பணத்தின் மதிப்பைத் தானே குறைத்து, 40 காகித டாலருக்கு ஒரு வெள்ளி டாலர் என்று அறிவித்தது. சட்டம் இதற்கு வைத்த பெயர் எதுவாயினும், சிப்பாயைப் பொறுத்தவரை அவன் சட்டைப்பையில் இருந்த 40 டாலரில் 39 காணாமற் போயிற்று. வரி விதிக்கத் துணியாத ஓர் அரசு, தன் படைவீரனிடமிருந்தே, அவன் சம்மதம் கேட்காமல், வசூலித்த வரி என்றே இதைச் சொல்லவேண்டும்.

1781 புத்தாண்டு நாளன்று நியூ ஜெர்சியின் பனிக்கால முகாமில் பென்சில்வேனியாப் படைப்பிரிவு கலகம் செய்தது. சம்பளம் வரவில்லை, உடையில்லை, மூன்றாண்டு ஒப்பந்தம் முடிந்த பின்னும் விடுவிக்கவில்லை என்பவை அவர்கள் குறைகள். பிரிட்டிஷார் இதுதான் சமயம் என்று தூதர்களை அனுப்பிப் பாக்கியைத் தாங்கள் தருவதாக ஆசை காட்டினர். கலகக்காரர்கள் அந்தத் தூதர்களைப் பிடித்துத் தம் தரப்பிடமே ஒப்படைத்தார்கள், தூதர்கள் தூக்கிலிடப்பட்டனர். கூலி கேட்டார்களே தவிர, அவர்கள் விலைபோகவில்லை. இந்த வித்தியாசத்தைக் கணக்குப் புத்தகங்களில் காணமுடியாது.

அதே ஆண்டு இறக்குமதிப் பொருட்களுக்கு 5 சதவிகித வரி விதிக்கக் காங்கிரஸ் அனுமதி கேட்டது. பதின்மூன்று மாநிலங்களும் ஒப்பவேண்டும். மிகச் சிறிய மாநிலமான ரோட் ஐலண்ட் 1782இல் மறுத்தது. திட்டம் அத்தோடு விழுந்தது. 1783 மார்ச்சில் நியூபர்க் முகாமில் ஊதியம் கிடைக்காத அதிகாரிகள் காங்கிரஸையே மிரட்டிப் பார்க்கும் நிலைக்கு வந்துவிட்டார்கள். வாஷிங்டன் நேரில் சென்று பேசினார். கடிதமொன்றை வாசிக்கக் கண்ணாடியை எடுத்தவர், இந்தப் பணியில் நரைத்ததோடு பார்வையும் மங்கிவிட்டது என்னும் பொருள்படச் சொன்னதாகவும், அதைக் கேட்டுப் பலர் கண்ணீர் விட்டதாகவும் அங்கிருந்தோர் எழுதிவைத்திருக்கிறார்கள். மிரட்டல் கரைந்தது. பாக்கி கரையவில்லை. ஜூன் மாதம் பிலடெல்பியாவில் சில நூறு சிப்பாய்கள் காங்கிரஸ் கூடியிருந்த கட்டடத்தைச் சூழ்ந்துகொள்ள, உறுப்பினர்கள் பிரின்ஸ்டன் நகருக்கு இடம்பெயர்ந்தனர்.

விடைபெற்ற படைவீரர்களுக்கு மூன்று மாதச் சம்பளத்துக்கு ஈடாக, நிதிப் பொறுப்பாளர் ராபர்ட் மாரிஸ் கையெழுத்திட்ட சீட்டுகள் தருவதென்று முடிவாயிற்று. பலர் அவை வந்து சேருமுன்பே ஊருக்கு நடக்கத் தொடங்கிவிட்டார்கள். மீதிப் பாக்கிக்குக் கடன் பத்திரங்கள் வந்தன. ரொக்கமாகக் கொடுக்க எதுவும் இல்லாத அரசு, அவர்கள் தூக்கிய துப்பாக்கிகளை அவர்களுக்கே அன்பளிப்பாக விட்டது.

நான்கு வரி பட்ஜெட்

1783 மே மாதம் வாஷிங்டன் சமாதான காலப் படைக்கு ஒரு திட்டம் எழுதிக்கொடுத்தார். 2,631 பேர் என்பது அவர் கணக்கு. எல்லைக் கோட்டைகள், ஆற்றுவழிகள், கிடங்குகள் என்று ஒவ்வொன்றையும் எண்ணிச் செய்த சிக்கனமான மதிப்பீடு அது. ஓராண்டு கழித்துக் காங்கிரஸ் கொடுத்தது, மேலே சொன்ன எண்பது பேர். மறுநாளே மேற்கு எல்லைக்காக நான்கு மாநிலங்களிடம் 700 பேரை ஓராண்டுக்குக் கேட்டது. அவர்களும் மாநிலக் குடிப்படைகளிலிருந்து வரவேண்டியவர்கள்.

இதைக் கஞ்சத்தனம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. நிலையான படை சுதந்திரத்தை விழுங்கிவிடும் என்ற அச்சம் அந்தத் தலைமுறையின் ரத்தத்தில் இருந்தது. பாஸ்டன் தெருக்களில் பிரிட்டிஷ் சிப்பாய்களைப் பார்த்தவர்கள் அவர்கள். 1787இல் அரசியல் சாசனம் எழுதப்பட்டபோது எல்பிரிட்ஜ் கெரி, சமாதான காலப் படைக்கு இரண்டாயிரம் மூவாயிரம் என்று ஓர் உச்சவரம்பு வேண்டும் என்றார். படையெடுத்து வரும் எதிரிக்கும் அதே வரம்பைச் சாசனத்திலேயே எழுதிவிடலாமே என்று வாஷிங்டன் பக்கத்திலிருந்தவர் காதில் சொன்னதாகப் பின்னாளில் ஒரு கதை உலவிற்று. வரம்பு நிராகரிக்கப்பட்டது. ஆனால் ராணுவத்துக்கென எந்த நிதி ஒதுக்கீடும் இரண்டாண்டுக்கு மேல் செல்லாது என்ற விதி சாசனத்தில் நுழைந்தது; இன்றும் இருக்கிறது. வாளைப் பிடித்த கையைக் கட்டாமல், அந்தக் கைக்குச் சோறு போடும் அகப்பையைப் பிடித்துக்கொண்டார்கள்.

புதிய அரசின் முதல் நிதி ஒதுக்கீட்டுச் சட்டம் 1789 செப்டம்பர் 29 அன்று நிறைவேறியது. அதில் நான்கே இனங்கள். குடிமை நிர்வாகத்துக்கு 2,16,000 டாலர். போர்த் துறைக்கு 1,37,000. முந்தைய அரசு கொடுக்காமல் விட்டுப்போன பட்டுவாடாக்களுக்கு 1,90,000. போரில் ஊனமுற்றவர்களின் ஓய்வூதியத்துக்கு 96,000. மொத்தம் 6,39,000. இப்போதுள்ள படைக்கான செலவைவிடப் பழைய பாக்கிக்கான தொகை அதிகம் என்பதையும், ஊனமுற்றோர் தொகை நடப்புப் படைச் செலவின் மூன்றில் இரண்டு பங்கு என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். ஒரு போர் எப்போது முடிகிறது என்பதைச் சமாதான உடன்படிக்கையைப் பார்த்துச் சொல்கிறோம். கருவூலத்தைக் கேட்டால் வேறு தேதி சொல்லும்.

அப்போது போர்த் துறைச் செயலாளர் ஹென்றி நாக்ஸ். பாஸ்டனில் புத்தகக் கடை வைத்திருந்து பீரங்கிப் படைத் தளபதியானவர். ஒஹையோ நதிக்கு வடக்கே வாபாஷ் பகுதிப் பூர்வகுடிகள் மீது படையெடுப்பதா என்ற கேள்விக்கு 1789 ஜூனில் அவர் அளித்த அறிக்கை படிக்கத்தக்கது. அங்கே 1,500 முதல் 2,000 வீரர்கள் இருக்கிறார்கள். 2,500 பேராவது இல்லாமல் போகமுடியாது. கையில் திரட்டக்கூடியவர்கள் 400 பேர். கூடுதலாக 1,900 பேரை ஆறு மாதம் வைத்துக் காப்பாற்ற 2 லட்சம் டாலர் வேண்டும். அது நம் சக்திக்கு மீறியது. அதோடு அவர் நிற்கவில்லை. மண்ணின் உரிமை முன்பே அங்கு வாழ்பவர்களுடையது, அதை நியாயமான போரிலோ அவர்கள் சம்மதத்தோடோ அல்லாமல் பறிக்கலாகாது என்றும் வாதிட்டார். நியாயமும் சிக்கனமும் ஒரே பக்கம் நின்ற அரிய தருணம் அது. நெடுநாள் அப்படி நிற்கவில்லை.

இரண்டு டாலர் சிப்பாய்

1790 ஏப்ரல் 30ஆம் தேதிச் சட்டம் படையை 1,216 பேராக்கியது. சிப்பாயின் மாதச் சம்பளம் 3 டாலர். அதிலும் சீருடைக்கு 90 செண்ட், மருந்துக்கு 10 செண்ட் பிடித்தம். கையில் கிடைப்பது 2 டாலர். பதிலுக்கு ஆண்டுக்கு ஒரு தொப்பி, ஒரு கோட்டு, நான்கு ஜோடி செருப்பு, நான்கு சட்டை, ஒரு கம்பளி முதலியன. நாளொன்றுக்கு ஒரு பவுண்டு மாட்டிறைச்சி அல்லது முக்கால் பவுண்டு பன்றி இறைச்சி, ஒரு பவுண்டு ரொட்டி அல்லது மாவு, ஏறத்தாழ 60 மில்லி ரம்மோ விஸ்கியோ. நூறு பங்குக்கு ஒரு பவுண்டு மெழுகுவர்த்தி. மெழுகுவர்த்தி வரைக்கும் எண்ணிய சட்டம், இந்தச் சம்பளத்துக்கு யார் வருவார்கள் என்பதை மட்டும் எண்ணவில்லை.

அந்த இலையுதிர்காலத்தில் ஹார்மர் தலைமையில் சென்ற படை அடிபட்டுத் திரும்பியது. அடுத்த மார்ச்சில் காங்கிரஸ் இன்னொரு ரெஜிமெண்டுக்கும், ஆறு மாதத் தற்காலிகப் படைக்கும் 3,12,686 டாலர் 20 செண்ட் ஒதுக்கியது. அந்த இருபது செண்டைப் பார்க்கையில் கணக்கு எவ்வளவு துல்லியமானது என்று தோன்றும். நடந்தது வேறு. உணவு வழங்கும் ஒப்பந்தம் வில்லியம் டூயர் கைக்குப் போயிற்று. கருவூலத்தில் ஹாமில்டனுக்கு உதவியாளராக இருந்து விலகிய பங்குச்சந்தைச் சூதாட்டக்காரர் அவர்; நாக்ஸோடு நில வியாபாரத்தில் கூட்டாளியும்கூட. ஒப்பந்த முன்பணம் அவருடைய ஊக வணிகத்தில் புகுந்தது. ஜூலையில் கிளம்பவேண்டிய படை செப்டம்பரில் கிளம்பிற்று. கூடாரம் ஒழுகியது, வெடிமருந்து தரமற்றிருந்தது, ஆறு மாதக்காரர்களின் தவணை வழியிலேயே முடியத் தொடங்கியது.

1791 நவம்பர் 4 அதிகாலையில் மியாமி, ஷானி முதலிய குலங்களின் கூட்டுப்படை, லிட்டில் டர்ட்டில், ப்ளூ ஜாக்கெட் ஆகியோர் தலைமையில், ஜெனரல் செயிண்ட் கிளேரின் முகாமைச் சூழ்ந்தது. முகாமிலிருந்தோர் ஏறத்தாழ 1,400 பேர். 600க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பூர்வகுடிகளிடம் அமெரிக்க ராணுவம் அடைந்த ஆகப் பெரிய தோல்வி இதுவே. மறு ஆண்டு பிரதிநிதிகள் சபை ஒரு குழு அமைத்து விசாரித்தது. அரசு நிர்வாகத்தின் மீது அச்சபை நடத்திய முதல் விசாரணை அது. செயிண்ட் கிளேர் மீது குழு குற்றம் காணவில்லை. காலம் தாழ்ந்ததையும், ஒப்பந்ததாரர், குவார்ட்டர்மாஸ்டர் ஆகியோரின் சீர்கேடுகளையும் சுட்டியது. டூயர் அதற்குள் திவாலாகிக் கடனாளிச் சிறைக்குப் போயிருந்தார்.

மலிவான படை எவ்வளவு விலையுயர்ந்தது என்பது அதன்பின் கணக்கிலேயே தெரிந்தது. அந்தோணி வெய்ன் தலைமையில் ஐயாயிரம் பேருக்கு மேற்பட்ட 'லீஜியன்' ஒன்றுக்கு 1792இல் அனுமதி கிடைத்தது. போர்த் துறைச் செலவு அந்த ஆண்டு 11 லட்சம் டாலரையும், 1794இல் 26 லட்சத்தையும் தொட்டது. அரசின் மொத்தச் செலவில் மூன்றிலொரு பங்குக்கும் மேல். ஈராண்டுப் பயிற்சிக்குப் பின் வெய்ன் 1794 ஆகஸ்டில் ஃபாலன் டிம்பர்ஸ் என்ற இடத்தில் வென்றார். 1795இல் பூர்வகுடிகள் இன்றைய ஒஹையோவின் பெரும்பகுதியை இழந்தார்கள். ஐந்தாண்டுக்கு முன் நாக்ஸ் எழுதிய உரிமை, அதற்கான நிதி கிடைத்தவுடன் செல்லாததாயிற்று. அன்று அந்த மண்ணைக் காத்தது அறமா, காலியான கருவூலமா என்ற சந்தேகம் நமக்கு எழாமலிருக்காது.

பழைய பாக்கி

இனி அந்தக் கடன் பத்திரங்கள். வட்டியும் வராமல், முதலும் வராமல், பத்திரம் வைத்திருந்த சிப்பாய்கள் விதைநெல்லுக்கும் வரிக்கும் அவற்றை விற்றார்கள். முகமதிப்பில் எட்டில் ஒரு பங்குக்கும் அவை கைமாறின. 1790இல் அலெக்சாண்டர் ஹாமில்டன் இவற்றை முழு மதிப்புக்கு ஏற்பதென்று திட்டமிட்டார். பணம் இப்போது பத்திரத்தை வைத்திருப்பவருக்கே சேரும் என்றார். ஜேம்ஸ் மாடிசன் எழுந்து, வாங்கியவருக்குச் சந்தையின் உச்ச விலையைக் கொடுத்துவிட்டு மீதியை முதலில் உழைத்தவனுக்குக் கொடுப்போம் என்றார். பிப்ரவரியில் வாக்கெடுப்பு. மாடிசன் தரப்புக்கு 13, எதிராக 36.

ஹாமில்டனின் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. விற்கப்பட்ட பத்திரத்தின் பின்னால் போய் உரிமை தேடினால் இனி அந்த அரசின் பத்திரத்தை எவர் வாங்குவார்? அந்நாட்டின் நாணயம் உலகச் சந்தையில் நிமிர்ந்தது அந்த முடிவால்தான். ஆனால் அந்த நிமிர்வின் அடியில் கொடுக்கப்படாத கூலி ஒன்று கிடக்கிறது.

ஜோசப் பிளம்ப் மார்ட்டின் என்ற சிப்பாயின் கதை இதற்குச் சாட்சி. 1776இல் பதினைந்து வயதில் படையில் சேர்ந்து 1783 வரை இருந்தவர். பின்னர் மெய்ன் பகுதியில் நூறு ஏக்கரைத் திருத்திக் குடியேறினார். அந்த நிலப்பரப்புக்கு உரிமை கொண்டாடி வந்தவர், மனைவி வழியில் அதைப் பெற்ற ஹென்றி நாக்ஸ். வழக்கு நாக்ஸுக்குச் சாதகமாயிற்று. 1797இல் மார்ட்டினின் நிலத்துக்கு 170 டாலர் விலை குறிக்கப்பட்டது. அவரால் கட்டமுடியவில்லை, அவகாசம் கேட்டு நாக்ஸுக்கு எழுதினார். நிலம் சிறிது சிறிதாகக் கைவிட்டுப் போயிற்று. படையின் செலவை மெழுகுவர்த்தி வரை எண்ணிய துறையின் தலைவருக்கு, அந்தப் படையில் ஏழாண்டு நின்றவன் இப்போது பாக்கிக்காரன்.

1818இல், போர் முடிந்து 35 ஆண்டுகளுக்குப் பிறகு, ஏழ்மையில் வாடும் முன்னாள் வீரர்களுக்குக் காங்கிரஸ் ஓய்வூதியம் அறிவித்தது. சிப்பாய்க்கு மாதம் 8 டாலர். வறுமையை நிரூபிக்கவேண்டும் என்று 1820இல் மற்றொரு சட்டம் வந்தது. மார்ட்டின் நீதிமன்றத்தில் தம் சொத்துப் பட்டியலைக் கொடுத்தார்: இரண்டு பசுக்கள், ஆறு ஆடுகள், ஒரு பன்றி. அரசாங்கம் அந்தப் பட்டியலைச் சரிபார்த்து ஏற்றுக்கொண்டது.