ஏடிஹெச்டி இருந்தா காலேஜ்ல ஜெயிக்க முடியாதா? திருச்சி மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி!

“நல்லா படிக்கிற புள்ளதான்... ஆனா கவனம் பத்தல!”

ப்ளஸ் டூ வரைக்கும் இந்த ஒரு வரியையே கேட்டு வளர்ந்தவரா நீங்கள்? ஸ்கூலில் எப்படியோ மார்க் எடுத்துவிட்டு, காலேஜில் முதல் செமஸ்டரிலேயே அரியர் விழுந்துவிட்டதா? ‘சோம்பேறி’, ‘திமிர்’ என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்ளும் முன் இதைப் படியுங்கள். சிலருக்கு இதன் பின்னால் ஏடிஹெச்டி இருக்கலாம்.

ஏடிஹெச்டின்னா என்ன?

கவனக்குறைவு, படபடப்பு, யோசிக்காமல் சட்டென்று செயல்படுவது ஆகியவை சேர்ந்த, மூளை வளர்ச்சி தொடர்பான குறைபாடு இது. புத்திசாலித்தனத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. என்ன செய்ய வேண்டும் என்று நன்றாகவே தெரியும். சரியான நேரத்தில் தொடங்குவதும், தொடங்கியதை முடிப்பதும்தான் சிக்கல். பிடித்த விஷயம் என்றால் நாலு மணி நேரம்கூட அசையாமல் உட்காருவார்கள். ‘கேம் ஆட மட்டும் கவனம் வருதா?’ என்று வீட்டில் கேட்பது இதனால்தான்.

நடிகர் ஃபகத் ஃபாசில், தனக்கு ஏடிஹெச்டி இருப்பது 41 வயதில்தான் தெரிந்தது என்று 2024-ல் வெளிப்படையாகச் சொன்னார். ஓடியாடாமல், ஜன்னலைப் பார்த்துக் கனவு காணும் பிள்ளைகளுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, இது ரொம்ப தாமதமாகவே தெரியவருகிறது.

காலேஜ்ல ஏன் சிக்கல் பெருசாகுது?

ஸ்கூல் நாள்களில் எழுப்ப அம்மா, கையெழுத்துக்கு டைரி, தினமும் டெஸ்ட் வைக்க டியூஷன் சார் என்று உங்களைச் சுற்றி ஒரு வேலி இருந்தது. காலேஜில் அது இல்லை. பாரதிதாசன் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் தியரி பேப்பருக்குப் பொதுவாக இன்டர்னல் 25, எக்ஸ்டர்னல் 75. அசைன்மென்ட்டை மறந்தால் இன்டர்னல் போச்சு. காலையில் தொடர்ந்து லேட்டானால் 75 சதவிகித அட்டெண்டன்ஸும் போச்சு. அந்த வேலியை இப்போது நீங்களே கட்ட வேண்டும்.

எப்படிக் கட்டுவது?

1. சுவரில் ஒரே காலண்டர்: செமஸ்டர் தொடங்கியதுமே இன்டர்னல் தேதி, அசைன்மென்ட் தேதி, ஃபீஸ் தேதி எல்லாவற்றையும் பெரிய மாதக் காலண்டரில் எழுதி, கண்ணில் படும் இடத்தில் மாட்டுங்கள். மொபைல் நோட்ஸில் எழுதியது அங்கேயே தூங்கிவிடும்.

2. பயண நேரத்தை அளங்கள்: ‘ஸ்ரீரங்கத்துலேருந்து சத்திரம் பத்தே நிமிஷம்’ என்பது மனக்கணக்கு. ஸ்டாப்பில் பஸ்ஸுக்கு நிற்பது, காவிரிப் பாலத்து டிராஃபிக், சத்திரத்தில் அடுத்த பஸ் மாறுவது, கேட்டிலிருந்து கிளாஸ்வரை நடப்பது என எல்லாவற்றையும் சேர்த்து மூன்று நாள் ஸ்டாப்வாட்ச்சில் அளங்கள். அதில் அதிக நேரம் எடுத்த நாள்தான் உங்கள் கணக்கு. வைகுண்ட ஏகாதசி நாள்களில் அதுவும் போதாது!

3. துணையோடு படியுங்கள்: பக்கத்தில் ஒருவர் அமைதியாக வேலை செய்தாலே நமக்கும் வேலை ஓடும். காலேஜ் லைப்ரரி, மாவட்ட மைய நூலகம், ஹாஸ்டல் ஸ்டடி ஹால் எதுவும் ஓகே. 25 நிமிடம் படிப்பு, 5 நிமிடம் பிரேக்.

4. வேலையைத் துண்டு போடுங்கள்: ‘ரெக்கார்டு முடிக்கணும்’ என்பது மலை. ‘முதல் எக்ஸ்பெரிமென்ட்டுக்குத் தலைப்பு எழுதணும்’ என்பது ஒரு படி. மலைக்கோட்டையையும் படிப்படியாகத்தானே ஏறுகிறோம்! சப்மிஷனுக்கு இரண்டு நாள் முன்பே ஃப்ரெண்டிடம் காட்டுவதாக வாக்குக் கொடுத்துவிடுங்கள்.

5. தூக்கம் முக்கியம்: ராத்திரி முழுக்க ரீல்ஸ் பார்த்தால் மறுநாள் இருக்கும் கொஞ்ச கவனமும் காலி. சார்ஜரை கட்டிலுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

டாக்டரிடம் எப்போது?

ரீல்ஸ் பார்த்து நீங்களே முடிவு செய்யாதீர்கள். தூக்கமின்மை, பதற்றம், மனச்சோர்வு, தைராய்டு பிரச்னையிலும் கவனம் சிதறும். மனநல மருத்துவர்கள் பின்பற்றும் வரையறைப்படி, அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும். வீடு, காலேஜ் என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தெரிய வேண்டும். அதனால் பழைய ரேங்க் கார்டுகளையும், உங்களைச் சின்ன வயதிலிருந்து பார்த்த அம்மா, அப்பாவையும் அழைத்துப் போவது உதவும்.

திருச்சியில், புத்தூரில் உள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகலாம். முதலில் பேசிப் பார்க்க நினைத்தால் டெலி மானஸ் 14416-க்குக் கூப்பிடலாம், கட்டணம் இல்லை. மெத்தில்ஃபெனிடேட், அடோமாக்ஸெடின் போன்ற மருந்துகள் பலருக்குப் பலன் தருகின்றன. ஆனால் டாக்டர் சீட்டு இல்லாமல் கூடாது. ‘எக்ஸாம் டைம்ல ஒண்ணு போடு மச்சி’ என்று ஃப்ரெண்ட் நீட்டும் மாத்திரை வேண்டவே வேண்டாம்.

எக்ஸாமில் எக்ஸ்ட்ரா டைம் கிடைக்குமா?

2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடு அதில் இருக்கிறது. ஏடிஹெச்டி தனியாக இல்லை. எனவே, ஏடிஹெச்டி சான்றிதழை நீட்டியதும் எக்ஸ்ட்ரா டைம் தானாகக் கிடைத்துவிடாது. இரண்டும் சேர்ந்தே இருப்பவர்கள் உண்டு. வாசிப்பதும் எழுதுவதும் சிரமமாக இருந்தால் அதற்கும் பரிசோதனை கேளுங்கள்.

சட்டம் சொல்லாவிட்டாலும் மென்ட்டரிடம் கேட்கலாம்: முன் பெஞ்ச், பகுதி பகுதியாக அசைன்மென்ட், எழுத்தில் தேதிகள். ‘எனக்கு முடியல மேம்’ என்பதைவிட ‘இது கிடைச்சா என்னால முடியும் மேம்’ என்று கேட்டுப் பாருங்கள். அரியர் லிஸ்ட் வந்த பிறகு கேட்பதைவிட, முதல் இன்டர்னலுக்கு முன்பே கேட்பது நல்லது.