அடுப்படியை எழுதி வைத்தவர்கள்

நம் சங்கத்தின் பழைய கணக்குப் புத்தகங்களைப் புரட்டினால் ஒன்று தெரியும். மீலாது விழாவுக்கு எத்தனை மூட்டை அரிசி வந்தது, நெய் எத்தனை டின், ஆட்டுக்காரருக்குக் கொடுத்தது எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்பதெல்லாம் வரி பிசகாமல் இருக்கிறது. சமைத்தவர் பெயர் இல்லை. எப்படிச் சமைத்தார் என்பதும் இல்லை. நாம் வணிகச் சமூகம். வரவு செலவை எழுதுவோம். வாய்க்குள் போனதை எழுதும் வழக்கம் நமக்கு இருந்ததில்லை.

பொன்விழா மலரில் தலைவர்கள், செயலாளர்கள், கட்டட நிதி பற்றியெல்லாம் பெரியவர்கள் எழுதுகிறார்கள். நாங்கள் எடுத்துக்கொண்டது வேறு. இந்தக் கரையிலும், பாலத்துக்கு அந்தப் பக்கமும், நாம் புறப்பட்டு வந்த தமிழ்நாட்டிலும் உணவைப் பற்றி எழுதி வைத்தவர்கள் யார், அவர்கள் என்ன தொழில் செய்தார்கள், எது அவர்களை எழுத வைத்தது என்பதைத் தேடிப் பார்த்தோம். ஆச்சரியம் என்னவென்றால், அவர்களில் சமையலையே தொழிலாகக் கொண்டவர்கள் மிகச் சிலரே.

முதலில் மலாக்காவிலிருந்து தொடங்க வேண்டும். முன்ஷி அப்துல்லாஹ் அவர்களை நம் பிள்ளைகள் பள்ளியில் மலாய் இலக்கியப் பாடமாகப் படிக்கிறார்கள். அவர் நமக்கு எவ்வளவு நெருக்கமானவர் என்பதை எல்லாப் பிள்ளைகளும் அறிந்திருப்பதாகத் தெரியவில்லை. அவருடைய முப்பாட்டனார் ஏமனிலிருந்து வந்து நாகூரில் தங்கி அங்கேயே திருமணம் செய்துகொண்டவர். பாட்டனார் மலாக்காவுக்கு வந்து மணந்த பெண்ணின் பெயர் பெரி ஆச்சி. அந்த அம்மையாரின் தகப்பனார் மீரா லெப்பை. இந்தப் பெயர்களைக் கேட்டாலே போதும், எந்த ஊர் வாசனை என்று நமக்குத் தெரிந்துவிடும். அப்துல்லாஹ் 1796-இல் மலாக்காவின் கம்போங் பாலியில் பிறந்தார். அவருடைய தகப்பனார் அவரைத் தமிழ் படிக்க அனுப்பினார். இரண்டரை ஆண்டுகள் படித்தார். அன்றைக்கு மலாக்காவில் வியாபாரக் கணக்கு ஓடியது தமிழில் என்பதால் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் தமிழ் படிப்பது வழக்கமாக இருந்தது. அவரே தம் வாழ்க்கை வரலாற்றில் இதைச் சொல்லியிருக்கிறார். 1843-இல் எழுதி முடித்து 1849-இல் அச்சேறிய 'ஹிகாயத் அப்துல்லாஹ்' அது.

ஆனால் உணவு விஷயத்தில் நமக்கு வேண்டியது அவருடைய இன்னொரு நூல். 1838-இல் சிங்கப்பூர் வணிகர்களின் காரியமாகக் கப்பலேறி கிழக்குக் கரை வழியாகக் கிளந்தான் வரை போய்வந்த பயணத்தை அவர் எழுதினார். அந்தப் பயணத்தில் சந்தைக்குப் போகிறார். பெத்தாய், ஜெரிங், தெம்போயாக், பெக்காசாம் என்று அங்கே விற்கும் பொருள்களைப் பட்டியல் போடுகிறார். எல்லாம் நாற்றம் பிடித்த சாமான் என்று முகம் சுளிக்கிறார். இறைச்சி, நெய், முட்டை, பால் போன்ற உயர்ந்த பண்டங்கள் கண்ணில் படவில்லையே என்று வருந்துகிறார்.

மலாய்க்காரர்களைப் பற்றி அவர் கடுமையாக எழுதினார் என்று அவர்மீது குறை சொல்பவர்கள் உண்டு. அது நியாயமான குறைதான். ஆனால் சமையல் தெரிந்த கண்ணோடு அந்தப் பகுதியைப் படித்தால் வேறொன்றும் தெரிகிறது. நெய்யையும் பாலையும் இறைச்சியையும் தேடிய அந்த மூக்கு எந்த அடுப்படியில் வளர்ந்தது? நாகூர் வழியாக வந்த வீட்டின் அடுப்படியில்தானே! தன் வீட்டில் என்ன சாப்பிட்டார் என்று அவர் சொல்லாமலே சொல்லிவிட்டார். (இன்று நம் வீடுகளிலேயே தெம்போயாக் இல்லாமல் சிலருக்குச் சோறு இறங்குவதில்லை. அதைப் பார்த்தால் முன்ஷி என்ன சொல்வாரோ!)

எழுத்தராக, மொழிபெயர்ப்பாளராக, ஆங்கிலேயருக்கு மலாய் கற்பித்த ஆசிரியராகப் பிழைத்தவர் அவர். தமிழ் கற்றும் நூல்களை மலாயில்தான் எழுதினார். இந்தச் செய்தியைச் சற்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் எழுதாமல் விட்டதைச் சொற்கள் சொல்கின்றன. கெடாய் என்பது நம் கடை. காஞ்சி என்பது கஞ்சி. அப்பாம் என்பது அப்பம். புட்டு இங்கே புத்து ஆனது. இடியாப்பத்தைப் புத்து மாயாம் என்று பெயர் சொல்லி விற்றுப் போகிறார்கள். இவை நம்மவர்கள் கொண்டுவந்து இறக்கியவை. திரும்பிப் போன சரக்கும் உண்டு. கீழக்கரையில் அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்துக் கிண்டுகிற தொதல், இங்கே பெருநாளுக்குக் கிண்டும் டோடோல்தான். எந்தக் கப்பலில், யார் வீட்டு மருமகன் அதைக் கொண்டுபோனார் என்று ஒரு வரிகூட எழுதி வைக்கப்படவில்லை. கப்பலில் போன பாக்குக்கும் மிளகுக்கும் கணக்கு இருந்திருக்கும், தொதலுக்கு இல்லை.

இடையில் ஒரு நூறு ஆண்டுகளைத் தாண்டிப் போகலாம். 1951-இல் சென்னையில் எஸ். மீனாட்சி அம்மாள் 'சமைத்துப் பார்' நூலை வெளியிட்டார். இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். அந்தச் சாமானை எப்படிச் செய்வது, இந்தச் சாமானை எப்படிச் செய்வது என்று உறவினர்கள் கடிதம் போட்டுக் கேட்கக் கேட்க, பதில் எழுதிக்கொண்டே இருந்தவர். அவருடைய மாமா கே.வி. கிருஷ்ணசுவாமி ஐயர்தான் புத்தகமாகவே எழுதிவிடு என்று தூண்டியவர். அது சைவச் சமையல், நம் வீட்டுச் சமையல் அல்ல. ஆனாலும் தமிழில் ஒரு பெண் தன் கைப்பக்குவத்தைத் தன் பெயரில் அச்சில் ஏற்றி, அதுவே அவருடைய வாழ்வாதாரமாகவும் ஆனது பெரிய செய்தி. அடுத்த ஆண்டே, 1952-இல், சிங்கப்பூரில் எலிஸ் ஹாண்டி 'எனக்குப் பிடித்த சமையல் குறிப்புகள்' என்று பொருள்படும் ஆங்கில நூலை வெளியிட்டார். அவர் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியை. ஒருவர் கைம்பெண், ஒருவர் தலைமையாசிரியை. இருவருமே கேட்டவர்களுக்குச் சொல்லிக் கொடுத்துப் பழகியவர்கள்.

நம் சமையலைப் பற்றிப் பெரிய அளவில் எழுதியவர்கள் அதற்கும் பிறகுதான் வந்தார்கள். பினாங்கு முஸ்லிம்களின் விருந்துச் சமையலை ஆங்கிலத்தில் நூலாக்கியவர் டாக்டர் வாசிர் ஜஹான் கரீம். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மானுடவியலாளர். கேரித் தீவின் பூர்வகுடிகளைப் பற்றி ஆய்வு செய்து பெயர் பெற்றவர். காட்டோரக் குடிகளின் நம்பிக்கைகளைக் குறித்துக்கொண்ட அதே கவனத்தோடு, தமிழரும் அரபியரும் மலாய்க்காரரும் சம்பந்தம் செய்துகொண்ட பினாங்குக் குடும்பங்களின் நெய்ச்சோற்றையும் குழம்பையும் குறித்துவைத்தார்.

சிங்கப்பூரின் கிர் ஜொஹாரி கம்போங் கிளாமில் வளர்ந்தவர், படித்தது கணிதம். சிங்கப்பூர் மலாய்க்காரர்களின் உணவைப் பற்றி அவர் 2021-இல் வெளியிட்ட நூல் 600 பக்கங்களுக்கு மேல். கையில் தூக்கினால் நாலு கிலோ அரிசிப் பையைத் தூக்குவதுபோல் இருக்கும். பத்தாண்டுகளுக்கு மேல் அதற்காக உழைத்தார். சமையல் குறிப்பு மட்டும் இருந்தால் இவ்வளவு கனம் வந்திருக்காது. மீன் எங்கே பிடித்தார்கள், இலை எங்கே பறித்தார்கள், யார் யாருக்குப் பரிமாறினார்கள் என்று முழு வாழ்க்கையும் அதில் இருக்கிறது. ஜொகூரிலும் ரியாவிலும் வேர்விட்ட சமையல் அது. அதனால் நமக்கும் பக்கத்து வீட்டுக் கதைதான்.

தமிழ்நாட்டிலும் ராவுத்தர் வீட்டுச் சமையலைப் பற்றி ஹசீனா செய்யது அவர்கள் நூல் எழுதியிருக்கிறார்கள். அதுவும் ஆங்கிலத்தில்.

முன்ஷியை மனத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னது இதற்காகத்தான். நம் சோற்றைப் பற்றி மலாயில் இருக்கிறது, ஆங்கிலத்தில் இருக்கிறது. தமிழில் எங்கே?

அதற்கான பதில் நமக்கு மிக அருகில், பாலத்தைத் தாண்டினால் போதும் என்கிற தூரத்தில் இருக்கிறது. சிங்கப்பூர் எழுத்தாளர் ஷாநவாஸ் அவர்கள் உணவகம் நடத்திக்கொண்டே எழுதியவர். 'அயல் பசி' என்று உணவைப் பற்றியே ஒரு கட்டுரைத் தொகுப்பு கொண்டுவந்தார். 'முட்டை பரோட்டாவும் சாதா பரோட்டாவும்' என்பது அவருடைய இன்னொரு நூலின் பெயர். அந்தப் பெயரைப் பார்த்ததும் நாங்கள் சிரித்துவிட்டோம். கடை நடத்துகிறவன் ஒரு நாளில் எத்தனை முறை சொல்லும், கேட்கும் வார்த்தை அது! அதை ஒரு புத்தகத்தின் அட்டையில் போடலாம் என்று தோன்றுவதற்கு ஒருவர் கல்லாவில் உட்கார்ந்திருந்தால்தான் முடியும். சிறுகதைகளும் எழுதியிருக்கிறார். 'மூன்றாவது கை' அவருடைய கதைத் தொகுப்பு.

கடை வைத்திருப்பவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். விடியுமுன் மாவு பிசைய ஆள் வந்தானா என்று பார்க்க வேண்டும். இரவு கணக்கு முடித்து ஷட்டரை இறக்கும்போது கால் தானாக வீட்டுப் பக்கம் இழுக்கும். அதற்குப் பிறகு உட்கார்ந்து எழுதுவதென்றால் அது ஆசை மட்டும் அல்ல, பிடிவாதம். பேராசிரியருக்கு ஆய்வு விடுப்பு உண்டு. பரோட்டாக் கடைக்கு ஏது விடுப்பு? எங்கள் கணிப்பில், மேலே சொன்ன அத்தனை பேரிலும் இவருடைய உழைப்புக்குத்தான் முதலிடம். வணிகர்கள் என்ற முறையில் இது சற்றுப் பாரபட்சமான தீர்ப்பு என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டோம்.

வணிகம் செய்துகொண்டே எழுதியதில் அவர் தனியாளும் அல்ல. தேங்காப்பட்டினத்தில் பிறந்த தோப்பில் முஹம்மது மீரான் அவர்கள் மிளகாய் வற்றல் வியாபாரி. 1997-இல் 'சாய்வு நாற்காலி' நாவலுக்கு சாகித்திய அகாதமி விருது பெற்றார். உணவு எழுத்தாளர் என்று அவரை யாரும் சொல்வதில்லை. ஆனால் வீட்டுச் சாமானை ஒவ்வொன்றாக விற்று நாக்கு ருசிக்குத் தீனி போடும் முஸ்தபாக்கண்ணை அந்த நாவலில் படித்தவர்கள், பசியையும் ருசியையும் இவ்வளவு கூர்மையாக எழுதியவர் மிளகாய்க் கிடங்கில் தும்மித் தும்மி வளர்ந்தவராகத்தான் இருப்பார் என்று ஒப்புக்கொள்வார்கள்.

இனி நம் ஜொகூருக்கு வருவோம். இங்கே எழுதப்பட்டவை எவை? 1895-இல் லண்டனில் காலமான சுல்தான் அபு பக்கர் ஐரோப்பாவில் சாப்பிட்டுப் பிடித்துப்போனதால்தான் லக்சா ஜொகூரில் ஸ்பகெட்டி வந்தது என்ற கதை எல்லாப் பத்திரிகையிலும் வரும். 1938 முதல் இருக்கும் குளுவாங் ரயில் நிலையக் கோப்பிக்கடையை எழுதாத உணவுப் பக்கமே இல்லை. ஜாலான் டோபியில் விறகடுப்பில் ரொட்டி சுடும் சலாவுதீன் பேக்கரி 1937 முதல் இருப்பது. அதுவும் படத்தோடு வருகிறது, மகிழ்ச்சி. எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கோலாலம்பூரிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ ஒருநாள் வந்து போகிறவர்கள். சுவையாக எழுதுகிறார்கள். ஆனால் அவர்களுக்கு நம் சொல் தெரியாது.

சொல் போவதுதான் எங்களை உறுத்துகிறது. குழம்பை நம் பெரியவர்கள் ஆணம் என்றார்கள். தமிழ் அகராதிகளில் உள்ள பழைய சொல் அது. மீனாணம், புளியாணம் என்று சொல்லும் வாய்கள் இன்று எத்தனை? பிள்ளைகள் 'காரி' என்கிறார்கள். களரிச் சாப்பாடு, நாலைந்து பேர் ஒரே தட்டில் சாப்பிடும் சஹன் என்றெல்லாம் சொன்னால் விளக்கம் கேட்கிறார்கள். ருசி தங்கியிருக்கிறது, பெயர் உதிர்கிறது. 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையின்போது சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த பவித்ரா, தன் கணவர் சுகுவோடு கைபேசியில் சமையல் படம் பிடித்து நாடெங்கும் பெயர் பெற்றார். அந்தத் தமிழ்ப் பெண் பேசியது மலாய். எல்லோரையும் எட்ட அது சரியான முடிவு, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. முன்ஷி 1838-இல் எடுத்த முடிவும் அதுதான். ஆனால் ஆணம் என்ற சொல்லைக் காப்பாற்ற அந்த வழி உதவாது.

எனவே இளைஞர் பிரிவில் நாங்கள் சிலர் சேர்ந்து, வீடு வீடாகப் போய்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதத் தொடங்கியிருக்கிறோம். எங்களில் பலர் பாலிடெக்னிக்கில் படித்து வியாபாரத்துக்கு வந்தவர்கள். ஆய்வக அறிக்கையில் எடை, வெப்பம், நேரம் மூன்றும் இல்லாவிட்டால் விரிவுரையாளர் திருப்பி எறிவார். அந்தப் பழக்கத்தில் தராசும் நேரங்காட்டியும் கொண்டுபோனோம். பெத்தா என்றும் உம்மம்மா என்றும் ஊருக்கு ஒரு பெயரில் நாம் கூப்பிடும் பெரியவர்களுக்கு அதைப் பார்த்து ஒரே சிரிப்பு. அவர்களுடைய அளவு பால் டின். ஒரு டின் அரிசிக்கு எத்தனை டின் தண்ணீர் என்று கேட்டால், "அரிசி பழசா புதுசான்னு பாத்து ஊத்து வாப்பா" என்பார்கள். உப்பு எவ்வளவு என்றால் கையை நீட்டிக் காட்டுவார்கள்.

இப்போது ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறோம். அவர்கள் கைப்பிடி உப்பை அள்ளியதும் சட்டியில் போடவிடாமல் நிறுத்தி, தராசில் கொட்டச் சொல்லி எடை குறித்துக்கொள்கிறோம். ஒருவருக்கே மூன்று முறை நிறுத்துப் பார்த்தோம். மூன்று முறையும் ஒரு கிராமுக்கு மேல் வித்தியாசம் வரவில்லை. நோன்புக் கஞ்சியும், தேங்காய்ச்சோறும், ஒரு வீட்டு மாசி ஆணமும் இதுவரை முடிந்திருக்கின்றன. குறிப்புகளைத் தமிழில், சொன்னவர் பெயரோடும் ஊரோடும் எழுதிச் சங்க அலுவலகத்தில் கணக்குப் புத்தகங்கள் இருக்கும் அதே அலமாரியில் வைத்திருக்கிறோம். தொதல் கிண்டத் தெரிந்த ஒருவர் பத்து பகாட்டில் இருப்பதாகச் சொன்னார்கள். அடுத்த மாதம் அங்கே போகிறோம்.