கிரெப்பை மாத்தப்போன கதை

ஒரு கோப்புக்குள்ள சொல் தேடுற சின்ன வேலைக்குப் பின்னால இவ்வளவு வரலாறு இருக்குமெண்டு நான் நினைச்சிருக்கேல்ல.

1950களில் கணிதவியலாளர் ஸ்டீபன் கிளீனி ‘ரெகுலர் எக்ஸ்பிரஷன்’ என்ற கருத்தை உருவாக்கினார். எழுத்துகள் எந்த ஒழுங்கில் வரலாம் என்பதைச் சொல்லும் சூத்திரம் அது. 1968இல் கென் தாம்சன் அதைக் கணினியில் தேடும் வழியாக்கினார். யுனிக்ஸின் ‘கிரெப்’ கட்டளையும் அவர் எழுதியதுதான்.

ஆனா யுனிக்ஸின் மூலநிரல் ஏடி அண்ட் டி நிறுவனத்தின் சொத்து. எல்லாரும் எடுத்துப் பாவிக்க ஏலாது. அதனால் 1986இல் ஹென்றி ஸ்பென்சர் தானே புதிதாக ஒரு நூலகம் எழுதி இலவசமாகக் கொடுத்தார். அவர் பிறகு எழுதிய இன்னொரு நூலகம் 4.4பிஎஸ்டி வழியாக ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்துக்குள் வந்தது.

ஆனால் அங்கே கிரெப் மட்டும் குனூவினுடையது. அதுவும் சுதந்திர மென்பொருள்தான். பிறகென்ன பிரச்சினை? குனூவின் ஜிபிஎல் உரிமத்தில், மாற்றி விநியோகித்தால் மூலநிரலையும் கொடுக்க வேண்டும். பிஎஸ்டி உரிமத்தில் அந்தக் கட்டாயம் இல்லை. எனவே 2010இல் குனூ கிரெப்பை எடுத்துவிட்டு பிஎஸ்டி கிரெப்பை வைத்தார்கள். உரிமம் சரி, வேகம் சரியில்லை. முறைப்பாடுகள் குவிந்தன.

அந்த ஆகஸ்டில் குனூ கிரெப்பை முதலில் எழுதிய மைக் ஹேர்டெல் காரணத்தை விளக்கினார். தன் நிரல் வேகமாக ஓடுவது, எல்லா எழுத்தையும் பார்க்காததால்தான் என்றார். தேடும் சொல் பத்து எழுத்தெண்டால், அது முதலில் பத்தாவது இடத்தைப் பார்க்கும். அங்கே இருப்பது அந்தச் சொல்லிலேயே இல்லாத எழுத்தெண்டால் பத்தையும் ஒரே தாவலில் கடந்துவிடும். வரி வரியாகப் பிரித்தும் வாசிக்காது.

குனூ கிரெப் திரும்ப வந்தது. 2011இல் ஸ்பென்சரின் நூலகத்தையே மாற்றி ‘டிஆர்இ’யை வைக்க ஒரு முயற்சி நடந்தது. அதுவும் கைகூடவில்லை. பிஎஸ்டி கிரெப் நிரந்தர இடம் பிடித்தது 2021இல், ஃப்ரீபிஎஸ்டி 13.0இல்தான்.

சோதனையில் எதைக் கொடுக்கிறோம் என்பதும் முக்கியம். 2007இல் ரஸ் காக்ஸ் வேண்டுமென்றே சிக்கலான ஒரு சூத்திரத்தைக் கொடுத்து, வெறும் 29 எழுத்தில் தேட விட்டார். தோற்றால் பின்வாங்கி மறுபடி முயலும் பெர்ல் 60 செக்கனுக்கு மேல் எடுத்தது. எல்லாச் சாத்தியத்தையும் ஒரே நேரத்தில் கொண்டுபோகும் தாம்சனின் பழைய வழிக்கு 20 மைக்ரோசெக்கன் போதுமாயிருந்தது. சாதாரணத் தேடலில் இந்த வித்தியாசம் கண்ணிலேயே படாது.

இதில் எங்களுக்கும் ஒரு பங்கு இருக்கு. யூடிஎஃப்-8இல் ஆங்கில எழுத்து ஒரு பைட். ‘கொ’ ஆறு பைட். அதிலும் ‘க’ வேறு, கொம்புக்குறி வேறு. ‘ஏதாவது ஓர் எழுத்து’ எண்டு புள்ளி போட்டுத் தேடினால், பல நூலகங்களில் ‘க’ மட்டும் சிக்கும், குறி வெளியே நிற்கும். ஆங்கிலத்தில மட்டும் சோதிச்சால் இந்தப் பிழை தெரியவே வராது. தமிழில் சோதித்துச் சொல்ல வேண்டியது நாங்கள்தானே.