எதிரொலிக்கு ஒரு அஞ்சலட்டை



சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அப்போது வேறு அலைவரிசை கிடையாது. பிடிக்காவிட்டால் பெட்டியை அணைக்கலாம், இல்லை கடிதம் போடலாம். அப்படி வந்த நேயர் கடிதங்களைப் படித்து நிலையத்தாரே பதில் சொன்ன நிகழ்ச்சிதான் ‘எதிரொலி’. பாராட்டும் வரும், குட்டும் வரும்.

1984இல் டெல்லியிலிருந்து ஒளிபரப்பான ‘ஹம் லோக்’ இந்தித் தொடருக்கு லட்சக்கணக்கில் கடிதங்கள் குவிந்தன. குடும்பத்துக்காகத் தேய்ந்துபோகும் தாயை ஓர் எச்சரிக்கையாகக் காட்ட நினைத்தார்கள். நேயர் பலர் அவளையே முன்மாதிரியாகக் கொண்டார்கள். பார்ப்பவர் மனசு தனிக்கணக்கு என்பது அப்போது தெரிந்தது.

ஆனால் கடிதங்கள் மட்டுமே முழு வரலாறு ஆகாது. நான் வேலை பார்த்த ஊரில் பஞ்சாயத்து டிவி முன்னால் உட்கார்ந்தவர்களில் பலருக்கு எழுதத் தெரியாது. “வாத்தியாரே, படத்துல அந்தப் புள்ளைய அடிச்சுத் திருத்துறாங்களே, அது தப்புன்னு எழுதிப் போடுங்க” என்றார் ஓர் ஆத்தா. 15 காசு அட்டையில் அவர் சொன்னபடியே எழுதினேன். படித்த விமர்சகர் பலர் அன்று சொல்லாத கருத்து அது.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் அன்று பார்த்ததைப் பற்றிப் பேசினால் குறித்து வையுங்கள். அவர்கள் கருத்து எந்த ஏட்டிலும் இல்லை.